கறிக்கடைக்காரர் வீட்டுக் காளான்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். "கறிக்கடை" என்றார் அவர். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒருமுறை அவரையும் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியையும் பார்த்தார்.

"விக்கலாம். சாப்பிடக் கூடாது" என்றார்.

அவர் தலையாட்டினார். மனைவி மருந்துச் சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை எடுத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் விலா எலும்பை வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தியைப் பத்திரமாகக் கட்டைமேல் வைத்துவிட்டு, "மாப்ள, கொஞ்ச நேரம் பாத்துக்க" என்று மச்சினனிடம் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. கடையில் பாதிப் பங்காளியான அந்த மச்சினன்தான் அவரை வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் கடைக்குப் போனார். கனமானதைத் தூக்கக் கூடாது, வெட்டுக்கத்தியை ஓங்கக் கூடாது. மெல்லிய கத்தியால் கொழுப்பைச் சீவலாம், வாடிக்கையாளர்களிடம் பேசலாம். பேசுவதில்தான் சிக்கல் வந்தது.

முன்பெல்லாம் காலையில் கடை திறந்ததும், பின்னால் இருக்கும் சின்ன அடுப்பில் அன்றைய கறியில் ஒரு துண்டை உப்பு மட்டும் போட்டு வாட்டி வாயில் போட்டுக்கொள்வார். கண்ணை மூடி மெல்லுவார். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். "இன்னிக்குத் தொடை எடுங்க, வெண்ணெய் மாதிரி இருக்கு." "கழுத்து வேண்டாம்மா, முத்தல். உங்க வீட்டுக் குக்கர் பாவம்." ஜனங்கள் அவர் நாக்கை நம்பித்தான் அந்தக் கடைக்கு வந்தார்கள். இப்போது அந்தத் துண்டை மச்சினன் தின்றான். கேட்டால், "நல்லாத்தான் இருக்கு மாமா" என்பான். எல்லா நாளும் அதையேதான் சொன்னான். அவர் விரலால் அழுத்திப் பார்த்து, நிறம் பார்த்து, ஒருமாதிரி ஊகித்துச் சொல்லிவந்தார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனாலும் பார்க்காத படத்துக்குக் கதை சொல்வதுபோல் அவருக்கே கூச்சமாக இருந்தது.

வீட்டில் மனைவி காய்கறிகளை வேகவைத்துப் போட்டாள். பீன்ஸ், கேரட், சுரைக்காய், திரும்பவும் பீன்ஸ். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். இருபத்தாறு வருடமாகச் சாப்பாட்டு மேஜையில் வாய் ஓயாமல் பேசியவர் அவர். இது கொஞ்சம் கூட வெந்திருக்கலாம், இதற்கு இன்னும் நாலு மிளகு, போன வாரம் செய்தாயே அது அபாரம் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். இப்போது கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. குறை சொல்லியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ் ஒருத்தி, காளான் பக்குவமாகச் செய்தால் கறி மாதிரியே இருக்கும் என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. அடுத்த நாளே வாங்கினாள். நன்றாகத் தண்ணீரில் அலசி, சின்னச் சின்னதாக நறுக்கி, வெங்காயத்தோடு சேர்த்து மூடிவைத்து வேகவிட்டாள். மூடியைத் திறந்தபோது வாணலியில் பாதிக்குத் தண்ணீர் நின்றது. சாம்பல் நிறத்தில் துண்டுகள் அதில் மிதந்தன.

அவர் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். பல்லுக்கிடையில் கீச்சென்றது.

"எப்படி இருக்கு?"

"யாரோ மழைல நனைஞ்சுட்டு வந்து வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு."

விழுந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"இத்தனை வருஷமா நீங்க கொண்டாந்து குடுத்ததை நான் சமைச்சேன். இனி நான் வாங்கிட்டு வரேன், நீங்க சமைங்க. கறியப் பத்தி எல்லாம் தெரிஞ்சவர்தானே. கறி மாதிரி எப்படி வரும்னு உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியல."

வீட்டு அடுப்பில் அவர் வெந்நீர்கூட வைத்ததில்லை.

வாராந்திர விடுமுறை நாளன்று மத்தியானம், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். அவர் காளான் பொட்டலத்தைப் பிரித்து, பலகைமேல் வரிசையாக அடுக்கிவைத்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு வந்திறங்கும் சரக்கைப் பார்க்கிற அதே பார்வை. மொட்டு மொட்டாக இருந்தவற்றை ஒதுக்கினார். தண்டு தடித்ததாக இருந்த ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தார். நெடுக்காக ஒரு வெட்டு, குறுக்காக ஒரு வெட்டு.

"இங்க பாரு" என்றார். "நார் நீளவாக்குல ஓடுது. நீ குறுக்க நறுக்கிட்ட. அதான் பல்லுல நிக்கல."

"சரி."

"அப்புறம், இதுக்குள்ள மொத்தமும் தண்ணி. நீ அதைப் போய்த் தண்ணிலயே குளிப்பாட்டியிருக்க."

"மண்ணோட திங்கச் சொல்றீங்களா?"

"ஈரத்துணியால துடைச்சா போதும்."

காளானை அவர் நறுக்கவில்லை. நார் போகிற போக்கில் கையாலேயே கிழித்தார். இரும்புச் சட்டியை எண்ணெய் விடாமல் காயவைத்து, கிழித்ததைப் பரப்பினார். அதன்மேல் இன்னொரு சின்னச் சட்டியைக் கவிழ்க்காமல் அப்படியே வைத்து, அதற்குள் எதையோ வைத்தார். எட்டிப் பார்த்தாள். கடையில் பழைய தராசோடு மூலையில் கிடந்த இரண்டு கிலோ எடைக்கல். தேய்த்துக் கழுவி எடுத்துவந்திருக்கிறார்.

சட்டி முதலில் 'ஸ்ஸ்' என்று இரைந்தது. ஓரங்களில் தண்ணீர் கொதித்து நுரைத்தது. ஆவி ஜன்னலை மறைத்தது. அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"கிளறி விடுங்க. அடிப்பிடிக்குது."

"பிடிக்கட்டும்."

"கருகிடும்."

"சத்தத்தைக் கேளு. இன்னும் தண்ணி பேசிட்டிருக்கு."

கொஞ்ச நேரத்தில் இரைச்சல் அடங்கியது. அதற்குப் பிறகு மெல்லிய படபடப்பு ஒன்று கிளம்பியது. அப்போதுதான் எடைக்கல்லைச் சின்னச் சட்டியோடு எடுத்துவிட்டுக் காளானைத் திருப்பிப் போட்டார். அடிப்பக்கம் பழுப்பேறி ஓரமெல்லாம் மொறுமொறுத்திருந்தது. எண்ணெய், நசுக்கிய பூண்டு, மெல்லிசாக அரிந்த வெங்காயம், இடித்த மிளகு. கடைசியில் கறிக்குப் போடுகிற வாக்கில் ஒரு பிடி உப்பு.

அரைக் கிலோ காளான் ஒரு கைப்பிடியாகச் சுருங்கியிருந்தது. உப்பு மட்டும் சுருங்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பை நோக்கி ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள்.

"இந்த மாதிரி எடை குறைஞ்சா கடைல என்னை அடிச்சே போட்டிருப்பாங்க" என்றார் அவர். இந்தமுறை அவள் சிரித்துவிட்டாள்.

மூன்றாவது தடவை சரியாக வந்தது. உப்பைக் கடைசியில் விரல் நுனியால் தூவினார். மென்றபோது கண்ணை மூடிக்கொண்டார்.

"கறி இல்ல" என்றார். "கறின்னு சொல்லி யாரையும் ஏமாத்த முடியாது. ஆனா இதுக்குன்னு ஒரு பிடிப்பு இருக்கு. பல்லுக்கு வேலை குடுக்குது." இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார். "ஓரம் இருக்கு பாரு, அந்தக் கருகின ஓரம். அதுதான் சமாச்சாரம்."

அன்று இரண்டு தட்டிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. மேஜையில் அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு காளான் வாங்கும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். அவள் வாங்கிவருவது வதங்கியிருக்கிறதாம். கறிக்கடைக்கு நேர் எதிரே காய்கறிக்கடை. அந்தக் கடைக்காரம்மாவிடம் முதல் நாள், "வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க. கறி தொடமாட்டாங்க" என்றார். காலையில் போய்ப் பொறுக்கி எடுத்து, கறி சுற்றும் தாளிலேயே சுற்றிக்கொண்டு திரும்பினார். மறுநாளும் போனார். அதற்கு அடுத்த நாளும். நாலாவது நாள் அந்தம்மா தராசில் காளானைப் போட்டுக்கொண்டே, "விருந்தாளி இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டாள். அவர் முகத்தில் அசடு வழிந்தது.

பேச்சு எப்படிக் கிளம்பியது என்று யாருக்கும் தெரியாது. கறிக்கடைக்காரர் கறி சாப்பிடுவதில்லையாம் என்று ஆரம்பித்திருக்கும். தெருக்கோடிக்குப் போய்த் திரும்பி வந்தபோது, அந்தக் கடைக் கறியில் என்னவோ இருக்கிறதாம், அதனால் அவரே தொடுவதில்லையாம் என்று ஆகிவிட்டது. ஒரு வாரத்தில் கடையில் கூட்டம் குறைந்தது. சாயங்காலம் கொக்கியில் சரக்கு மிஞ்சித் தொங்கியது.

மச்சினனுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"மாமா, ஒரே ஒரு துண்டு. நாலு பேர் பாக்கிற மாதிரி வாட்டி வாயில போட்டுக்குங்க. முழுங்கக்கூட வேண்டாம். பின்னால போய்த் துப்பிடுங்க."

"துப்புறதுக்கு எதுக்குடா வாட்டணும்?"

"வியாபாரம் படுத்திருச்சு. அதுக்குத்தான்."

அவர் மெல்லிய கத்தியைத் தீட்டிக்கொண்டே யோசித்தார். மச்சினன் சொல்வதில் நியாயம் இருந்தது. பின்னால் இருந்த அடுப்பை ஒருமுறை திரும்பிப் பார்க்கவும் செய்தார். அதற்குள் தையற்காரர் வந்துவிட்டார்.

தையற்காரர் பழைய வாடிக்கை. அளவெடுக்கும் டேப் கழுத்தில் தொங்க, நேராகக் கடைக்கு வந்து நிற்பவர். எதையும் மென்று முழுங்கத் தெரியாத மனிதர். முன்னால் நாலைந்து பேர் நின்றிருந்ததையும் பொருட்படுத்தாமல் சத்தமாகவே கேட்டார்.

"என்ன அண்ணே, நீங்க விக்கிறதை நீங்களே சாப்பிடறதில்லையாமே?"

மச்சினன் துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தான்.

"ஆமா" என்றார் அவர். "நெஞ்சுல அடைப்பு வந்துச்சு. இந்தா, இந்த இடத்துலதான் விழுந்தேன். டாக்டர் கறிய நிறுத்திட்டாரு. கறி நல்லாத்தான் இருக்கு. நான்தான் கெட்டுப்போயிட்டேன்."

சொன்ன பிறகு அவருக்கே லேசாக இருந்தது. விழுந்ததை இதுவரை அவர் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. வயிற்றுவலி என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள்.

தையற்காரர் டேப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். பிறகு, "எனக்கும் அந்தக் கதைதான். ரெண்டு வருஷமாச்சு" என்றார், குரலைக் கொஞ்சம் இறக்கி. "இங்க வாங்கறது பூரா மகனுக்கும் மருமகளுக்கும். நான் பக்கத்துல உக்காந்து கீரையப் பிசைஞ்சுகிட்டு இருக்கேன். நீங்க என்னதான் சாப்பிடுறீங்க?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். முதலில் சுருக்கமாகத்தான். ஆனால் காளானின் நாரைப் பற்றிச் சொல்ல வந்ததும் கை தானாக எழுந்தது. இப்படிக் கிழிக்க வேண்டும், நறுக்கக் கூடாது. சட்டி எவ்வளவு காய வேண்டும், மேலே எவ்வளவு கனம் வைக்க வேண்டும், தண்ணீர்ச் சத்தம் எப்போது எண்ணெய்ச் சத்தமாக மாறும் என்று உதட்டாலேயே ஒலி எழுப்பிக் காட்டினார். "கிளறிடாதீங்க. கை பரபரன்னு வரும். கட்டிப்போட்டுக்கங்க. ஓரம் கருகி, உள்ள மெத்துன்னு, மிளகு அது மேல ஒட்டிகிட்டு..." தொடைக்கறியைப் பற்றி அவர் பேசும்போது கேட்பவர்களின் தொண்டை ஏறி இறங்குமே, அப்படியே இப்போதும் ஏறி இறங்கியது.

பேசி முடித்தபோது வரிசையில் நின்ற இரண்டு பேர் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டிருந்தார்கள். தையற்காரர் மகனுக்குக் கறியை வாங்கிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனார்.

மச்சினன் அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "மாமா, நீங்க இன்னும் கொஞ்ச நாள் வீட்லயே ரெஸ்ட் எடுக்கலாமே" என்றான்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மச்சினனும் சிரித்தான். உண்மையில், உள்ளது இன்னதென்று தெரிந்தபின் இரண்டு மூன்று நாளில் கூட்டம் பழையபடி வந்துவிட்டது. காலையில் வாட்டும் துண்டைத் தின்று பார்த்துச் சொல்லும் வேலையைத் தினமும் ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பழக்கமும் அதிலிருந்துதான் வந்தது. அதற்கென்றே சிலர் கடை திறக்கும் முன் வந்து நின்றார்கள்.

ஆனால் அன்று சாயங்காலம் கடையைக் கழுவிவிடும்போது மச்சினன் வேறொன்று சொன்னான். தண்ணீரைத் தள்ளிக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னான்.

"அக்காவும் நிறுத்திருச்சு, தெரியும்ல?"

"எதை?"

"கறியத்தான். நீங்க ஆஸ்பத்திரில இருந்ததுலேர்ந்து தொடறதில்ல. உங்களுக்குத் தெரியாம எங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போன்னு எத்தனை தடவ கூப்பிட்டேன். பசிக்கலைன்னுடும்."

அவர் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றார். அந்த வீட்டில் கறி என்றால் உயிர் அவளுக்குத்தான். அவர் தொழிலாகத் தின்றவர். அவள் ஆசையாகத் தின்றவள். விலா எலும்பைக் கையில் எடுத்தால் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதையே மறந்துவிடுவாள். பெண் பார்க்கப் போன அன்று அவர் கவனித்ததே அதைத்தான். தினமும் எதிரே உட்கார்ந்து காளானைச் சாப்பிட்டவளை, துணைக்குச் சாப்பிடுகிறாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்துவிட்டார். மற்ற வேளைகளில் என்ன செய்கிறாள் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

அடுத்த விடுமுறைக்கு முந்தின நாள் விலாவில் இளசான நாலு எலும்பை அவரே சீவி எடுத்து வைத்தார். மறுநாள் மத்தியானம் அவளைச் சமையலறைக்குள் விடவில்லை. இரண்டு சட்டி வைத்தார். ஒன்றில் காளான், ஒன்றில் விலா. இரண்டுக்கும் அதே பூண்டு, அதே வெங்காயம், அதே மிளகு. கறி வெந்து மணம் வந்தபோது அவருக்கும் நாக்கில் ஊறத்தான் செய்தது. ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் தீயைக் குறைத்தார்.

தட்டை அவள் முன்னால் வைத்தார். அவள் பார்த்தாள். கை நீட்டவில்லை.

"என்ன இது?"

"உனக்கு."

"எனக்கு எதுக்கு? நீங்க சாப்பிடாதப்போ..."

"நாள் முழுக்க அதுக்கு நடுவுலதான் நிக்கிறேன். உன் தட்டுல இருக்கிறதைப் பாத்தா நான் ஏங்கிடப் போறேனா? சாப்பிடு."

"அதுக்கில்ல."

"பின்ன?"

அவள் தட்டின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குத் தம்பி போன் பண்ணினான்ல" என்றாள். "மாமா விழுந்துட்டாருன்னு. அப்ப நான் சாப்பிட்டுகிட்டிருந்தேன். கையில எலும்பு. போனை எடுத்துக் காதுல வச்சேன், அவன் சொல்லச் சொல்ல அந்த எலும்பை விடவே இல்ல. ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கினப்பதான் பாத்தேன், கையிலயே இருக்கு. எங்க போடறதுன்னு தெரியாம முந்தானைல சுத்தி வச்சுகிட்டு, நீங்க கண்ணு முழிக்கிற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். அதுக்கப்புறம் கறிய எடுக்கக் கை வரல."

அவர் எழுந்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பு மேடைக்குப் போனார். மெல்லிய கத்தியை எடுத்து, எலும்பின் ஓரமாக மேலிருந்து கீழே ஓர் இழுப்பு, பின்பக்கம் ஓர் இழுப்பு. சதை ஒரு பிசிறில்லாமல் கழன்று விழுந்தது. நாலு எலும்புக்கும் அப்படியே செய்தார். எலும்புகளைத் தாளில் சுற்றிக் குப்பைக் கூடையில் போட்டு மூடினார். கறியை மட்டும் சின்னத் துண்டுகளாக்கித் தட்டில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்.

"இப்ப எலும்பு இல்ல" என்றார்.

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் உதட்டோரம் சிரிப்பும் வந்தது.

ஒரு துண்டை எடுத்தாள். மெதுவாக மென்றாள். அவர் தன் தட்டைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது துண்டு, மூன்றாவது துண்டு. நாலாவதோடு நிறுத்திக்கொண்டாள்.

"போதும். மீதியத் தம்பிக்குக் குடுத்துடலாம். பழக்கம் விட்டுப்போச்சு, வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு. கொஞ்சம் அதிகமா வெந்துடுச்சு."

"அது எப்படி அதிகமாகும்? நான் பாத்துகிட்டேதானே நின்னேன்."

"காளானுக்கு வைக்கிற தீயவே இதுக்கும் வச்சிருக்கீங்க."

அவர் மறுத்துப் பேச வாயெடுத்தார். அதற்குள் அவள் கை நீட்டி அவர் தட்டின் ஓரத்தில் இருந்த காளானில், நன்றாகக் கருகின துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவருக்கென்று அவர் ஒதுக்கிவைத்திருந்த துண்டு அது. அவர் தட்டைத் தன் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். அவள் அதை மேஜை நடுவுக்கு இழுத்தாள்.

"நாளைக்குக் கொஞ்சம் சேர்த்து வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"எதை?"

"ரெண்டையும்தான்."